கேக் நிற்காமல் வளர்ந்த வருசம்

பூவரசந்துறையில் எந்தக் காரியம் எப்போது நடந்தது என்று கேட்டாலும் யாரும் வருசத்தைச் சொல்ல மாட்டார்கள், கேக் வளர்ந்ததற்கு முந்தி என்பார்கள், இல்லாவிட்டால் கேக் வளர்ந்ததற்குப் பிந்தி என்பார்கள். கல்யாணம், சாவு, படகு வாங்கினது, கடன் அடைத்தது எல்லாவற்றுக்கும் அந்த ஊரில் அதுதான் கணக்கு. ஆனால் அந்தக் கேக்கைத் தன் கையால் அடித்து வேகவைத்த கித்தேரிக்கு அது கேக் வளர்ந்த வருசம் இல்லை, வயிறு எரிந்த வருசம்.

அங்கே ஒரு வழக்கம். கிறிஸ்மஸ் மதியம் கறிச்சோறு தின்று கை கழுவினதும் வீட்டுக்கு வீடு ஒரு கிண்ணத்தைத் தட்டில் கவிழ்ப்பார்கள். ஒரு ஆள் தின்றால் தீர்ந்துபோகிற சின்ன எவர்சில்வர் கிண்ணம். அடியில் கருப்பட்டிப் பாகில் ஊறின அன்னாசித் துண்டு, பேரீச்சை, சிவப்புச் செர்ரி, அதற்கு மேலே முட்டையும் வெண்ணெயும் அடித்த மாவு. வெந்ததும் கவிழ்த்தால் அடியில் கிடந்த பழம் உச்சிக்கு வந்து, பாகு வழிந்து, மினுமினு என்று உட்கார்ந்திருக்கும். வீட்டில் பத்து உருப்படி இருந்தாலும் ஒரே கிண்ணம்தான். ஆளுக்கு ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு, கடைசி விள்ளலை மட்டும் தொடாமல், அதன்மேல் அந்தக் கிண்ணத்தையே கவிழ்த்து மூடி வைப்பார்கள். அதற்கு வராதவன் பங்கு என்று பேர். கடலுக்குப் போய்த் திரும்பாதவன், கப்பலில் வேலை பார்க்கிறவன், கோபித்துக்கொண்டு போனவன், எவனாவது வாசலில் வந்து நின்றால் வெறுங்கையை விரிக்கக் கூடாது பாருங்கள்.

கிண்ணத்து விளிம்பில் வீட்டுத் தலைவன் பேரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருப்பார்கள். கோயிலுக்கு வரி கட்டுகிற வீட்டைத் தலைக்கட்டு என்பது அந்த ஊர்ப் பேச்சு. தலைக்கட்டுக்குத்தான் கிண்ணம். கிண்ணம் இருக்கிற வீட்டுக்குத்தான் திருவிழாவில் சப்பரத்துக்கு முன்னால் நடக்க இடம், பிள்ளைக்கு முதல்முதலாக நற்கருணை தருகிற புதுநன்மையின்போது பீடத்தில் நின்று கூப்பிட ஒரு வீட்டுப்பேர், செத்தால் கல்லறைத் தோட்டத்தில் சொந்தமாக ஒரு குழி. கிண்ணம் இல்லாதவர்கள் யாராவது ஒருவருடைய கிண்ணத்துக்குள் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கித்தேரி தன் புருசனின் அண்ணன் தொம்மையின் கிண்ணத்துக்குள் ஒண்டியிருந்தாள். கிண்ணத்தில் மட்டுமா, அவன் வீட்டுக்குப் பின்னால் ஓலை வைத்து இறக்கின சாய்ப்பில்தான் அவளுக்கும் மகள் ஷைனிக்கும் படுக்கை, அடுப்பு, அழுகை எல்லாம். பின்பக்கம் ஓலை அடைப்பு, வெளியே போக வேண்டுமானால் தொம்மையின் அடுப்படி, நடு அறை, முன்வாசல் என்று அத்தனை பேர் காலையும் தாண்டித்தான் போக வேண்டும். புருசன் லியோன் கொச்சிக்கு விசைப்படகு வேலைக்குப் போனவன். அங்கே இன்னொருத்தி கையால் சோறு தின்கிறான் என்பது ஊருக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும் என்பது கித்தேரிக்கும் தெரியும். ஆனால் ஊர் அதை வாய்விட்டுச் சொல்லாத வரைக்கும் அவன் வெளியூரில் வேலை பார்க்கிற புருசன், அவள் லியோன் பொண்டாட்டி. வேறே பேர் சொல்லி அவளை அங்கே யாரும் கூப்பிட்டதில்லை. அவளும் திருத்தினதில்லை. ஆம்பிளைகள் நாலு பேர் நிற்கிற இடத்தில் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டுத் தூத்துக்குடியில் ஒரு ரொட்டிக் கடையில் முட்டை அடிக்கப் போனவள் அவள். அதனால் ஊருக்கெல்லாம் கேக் போட்டுவந்த கிழவி ஒருத்தி தன் மகனோடு மெட்ராசுக்குப் போன பிறகு, அந்த வேலை தானாக இவள் தலையில் வந்து விழுந்தது. வீடு வீடாகக் கிண்ணம் வரும். இவள் அண்டாவில் மணலைப் பரப்பி, கிண்ணங்களை அடுக்கி, மூடிமேல் தேங்காய்ச் சிரட்டைக் கங்கைக் கொட்டி, சுற்று சுற்றாக வேகவைத்துக் கொடுப்பாள். அத்தனை கிண்ணத்திலும் மாவு ஊற்றின பிறகு அவளுடையது என்று ஒரு கிண்ணம் அந்த வரிசையில் இருக்காது.

அதைத்தான் அவள் கேட்டாள். வருசா வருசம் கேட்டாள். முதல் வருசம் கோயில் கமிட்டியில், ஈஸ்டருக்கு லியோன் வந்துவிடுவானே, வந்ததும் அவனே கேட்கட்டும் என்றார்கள். அடுத்த வருசம், அவன் பேர்தான் அண்ணன் கிண்ணத்தில் அடக்கமாயிற்றே, ஒரு ஆளை இரண்டு இடத்தில் எப்படி எண்ணுவது என்றார்கள். இந்த வருசம் அவள் மனப்பாடமே செய்துகொண்டு போனாள். முட்டை அடிக்கிறபோதெல்லாம் சொல்லிப் பார்த்தாள், எனக்கும் ஒரு கிண்ணம் வைங்க, நான் வரி கட்டுதேன், எனக்கும் ஒரு கிண்ணம் வைங்க. ஆனால் கோயில் முகப்பில் கமிட்டி உட்கார்ந்திருக்க, தூணுக்குப் பின்னால் போய் நின்றதும் அந்த வார்த்தை மாவில் விழுந்த முட்டை ஓடு மாதிரி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தொம்மை பொண்டாட்டி புளோராதான் அவளுக்காகச் சொன்னாள், அதுவும் சிரித்துக்கொண்டே, இவளுக்குக் கிண்ணம் வேணுமாம், நீங்களே கேளுங்க என்று.

கமிட்டித் தலைவர் இஞ்ஞாசி கெட்டவர் இல்லை. யாருக்கும் இல்லை என்று சொல்லாதவர், ஆமாம் என்றும் சொல்லாதவர்.

"லியோன் பொண்டாட்டி, வீடுன்னு எதைச் சொல்லுத? தொம்மை சாய்ப்பையா? ரோட்டப் பாத்து அதுக்கு ஒரு வாசல் உண்டா? வாசல் இல்லாத வீட்டுல எந்தப் படியில நின்னு நான் வரி கேக்க?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். அவர் கேலியாகச் சொல்லவில்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நிஜமாகவே அவருக்கு நிற்க ஒரு படி வேண்டியிருந்தது.

அந்த வருசம் கேக் போட்டபோது எல்லாமே எரிச்சலாக வந்தது. சிரட்டை ஈரம், புகைந்ததே தவிரக் கனியவில்லை. அன்னாசி புளித்தது. ஒரு வீட்டில் எங்களுக்குச் செர்ரி வேண்டாம் என்றார்கள், இன்னொரு வீட்டில் அவர்கள் செர்ரியையும் எங்களுக்கே போடு என்றார்கள். ஷைனி மாவுச் சட்டிக்குள் கையை விட்டுவிட்டு அடி வாங்கினாள், அடித்த பிறகு அதை நினைத்து இவளும் அழுதாள். கடைசிச் சுற்றை இறக்கி, துடைத்து, வாழையிலை வைத்துக் கட்டி, அவரவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் சாய்ப்பில் வந்து உட்கார்ந்தபோது அவள் கையெல்லாம் கருப்பட்டி வாசனை, வாயில் ஒரு பருக்கை இல்லை.

கிறிஸ்மஸ் மதியம் எல்லா வீட்டிலும் கவிழ்த்தார்கள். ஆளுக்கு ஒரு விள்ளல் தின்றார்கள். வராதவன் பங்கை மூடி வைத்தார்கள்.

மறுநாள் காலையில் கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே முழுக் கேக் இருந்தது, உச்சியில் பழத்தோடு, பாகு வழிய.

யாரோ பிள்ளைகள் விளையாட்டுக்கு வேறே கேக்கை வைத்து மூடிவிட்டார்கள் என்று நினைத்து, மறுபடி ஆளுக்கொரு விள்ளல் தின்று, மறுபடி கடைசி விள்ளலை மூடி வைத்தார்கள். அடுத்த நாளும் முழுக் கேக். எந்த வீட்டுக்காரரும் முதலில் வெளியே சொல்லவில்லை, நம் வீட்டுக்கு மட்டும்தான் இந்த பாக்கியம் என்று கதவைச் சாத்திக்கொண்டு தின்றார்கள். எல்லார் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாட்டு டப்பாவில் கேக் கொண்டுபோன அன்றைக்குத்தான் ரகசியம் உடைந்தது. அதற்குள் தை மாசம் பிறந்திருந்தது. அப்புறம் அது ரகசியமாகவும் இல்லை, அதிசயமாகவும் இல்லை. காலையில் எழுந்து பல் விளக்கினதும் கடுங்காப்பியோடு கேக். கடலுக்குப் போகிறவர்கள் துணியில் முடிந்துகொண்டு போனார்கள். தூண்டிலில் குத்திப் போட்டுப் பார்த்தார்கள், பாரை மீன் அதற்கு மயங்கி வந்தது, அந்த மீனைக் குழம்பு வைத்தால் கொஞ்சம் இனித்தது, அதற்குத் தக்கபடி புளியைக் கூட்டிக்கொண்டார்கள். எறும்பு வந்தது, தின்றது, போனது. எறும்பு தின்ற பள்ளம் விடிந்தால் நிரம்பியிருந்தது. வெட்டி எடுத்த துண்டு எங்கே கொண்டுபோனாலும் சாதாரணக் கேக்தான், ரெண்டு நாளில் காய்ந்து போகும். கிண்ணத்துக்கு அடியில் இருக்கிறது மட்டும் வளரும்.

கோயில் சாமியாரிடம் போய்ச் சொன்னார்கள். அவர் வந்து பார்த்து, ஒரு துண்டு தின்று, நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லி, ஆயர் இல்லத்துக்கு எழுதினார். பொறுத்திருந்து பார்க்கவும் என்று பதில் வந்தது. ஊரும் பொறுத்திருந்து தின்றது.

ஒரு மாசம் போனபோது தின்கிற வாய் சலித்துப்போயிற்று, கேக் சலிக்கவில்லை. தின்னாமல் விட்டால் நிற்கும் என்று விட்டுப் பார்த்தார்கள், அது ராத்திரிக்கு ஒரு விரற்கடை என்று வளர்ந்தது. தன்மேல் கவிழ்த்த கிண்ணத்தைத் தொப்பி மாதிரித் தூக்கிக்கொண்டு, முதலில் முழங்கால் உசரம், அப்புறம் இடுப்பு உசரம், நடுவில் நடுவில் அன்னாசியும் செர்ரியும் பதிந்து, பாகு கசிந்துகொண்டு, ஒவ்வொரு வீட்டு மூலையிலும் ஒரு ஆள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. கிழடுகள் அதன்மேல் சாய்ந்து ஜெபமாலை சொன்னார்கள். பிள்ளைகள் ஈரத்துணி உலர்த்தினார்கள். யார் வீட்டுக் கேக் உசரம் என்று பந்தயம் நடந்தது. இஞ்ஞாசி வீட்டுக் கேக் அவர் மருமகன் வீட்டுக் கேக்கைவிடக் குட்டை என்று தெரிந்த அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

இதற்கெல்லாம் கித்தேரிதான் கூலியில்லாத வேலைக்காரி. லியோன் பொண்டாட்டி, எங்க கேக்கு கதவை அடைக்கு, வந்து சீவிட்டுப் போ. லியோன் பொண்டாட்டி, எங்க கேக்கு ஒரு பக்கமா சாயுது. நீ என்னத்தப் போட்டுத் தொலைச்ச, சோடா மாவக் கூட்டிட்டியா. அவள் ஒன்றும் கூட்டவில்லை, ஒன்றும் குறைக்கவில்லை, அதைச் சொன்னால் நம்புகிறவர்கள் இல்லை. அவள் மீன் வெட்டுகிற அரிவாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாய்ப் போய்ச் சீவினாள். சீவின இடம் மறுநாள் மூடியது. மறுநாளும் போனாள். போகிற வீட்டிலெல்லாம் ஷைனிக்கு ஒரு துண்டு கொடுத்தார்கள். அந்தப் பிள்ளை ஒருநாள், அம்மா, நம்ம வீட்டுக் கேக்கு எப்பம்மா வளரும் என்று கேட்டது. நம்ம வீட்டில் கேக் இல்லை என்று சொல்லக் கித்தேரிக்கு வாய் வரவில்லை, நம்ம வீடு என்று எதைச் சொல்வது என்றும் தெரியவில்லை. வாயை மூடிக்கிட்டுத் தின்னு என்றாள்.

அப்படியே தவக்காலம் நெருங்கிற்று. அதுதான் பெரிய சங்கடம். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் அந்த ஊரில் கறி இல்லை, கல்யாணம் இல்லை, பூ வைப்பதில்லை, இனிப்பை நாக்கில் வைப்பதில்லை. வீட்டுக்குள் ஆள் உசரத்துக்கு ஒரு கேக் கருப்பட்டி வாசனையோடு உட்கார்ந்துகொண்டு வா வா என்றால் எந்தக் கிறிஸ்தவன் ஒறுத்தல் இருப்பான்? சாமியார் பூசையில் பொதுவாகச் சொன்னார், சோதனையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று. அவர் சொன்னது அவ்வளவுதான். மிச்சத்தைக் கமிட்டி பார்த்துக்கொண்டது. செய்தவள் திரும்ப எடுத்துக்கொள்ளட்டும் என்று முடிவாயிற்று.

சாம்பல் புதனுக்கு முந்தின நாள் சாயங்காலம், ஐஸ் பெட்டி தள்ளுகிற வண்டியிலும், வலைக்கம்பில் கட்டின சாக்கிலும், தோளிலுமாக, பூவரசந்துறையின் அத்தனை கேக்கும் புறப்பட்டு வந்தது. தொம்மை வீட்டுக்குப் பின்னால், சாய்ப்புக்கும் பின்தெருவுக்கும் நடுவில் கோயில் புறம்போக்கு கொஞ்சம் சும்மா கிடந்தது. அங்கே கொண்டுவந்து வரிசையாக இறக்கினார்கள். வைக்கிறவர்கள் ஒருத்தரும் கித்தேரி முகத்தைப் பார்க்கவில்லை. உச்சியில் கிண்ணங்கள் தொப்பி தொப்பியாக, சாயங்கால வெயிலில் பளபளவென்று, புதைந்தும் புதையாமலும், ஒவ்வொன்றிலும் ஒரு ஆம்பிளை பேரோடு.

கித்தேரி சாய்ப்பு ஓலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொண்டுபோங்க என்று கத்த வேண்டும்போல இருந்தது. இத்தனை நாளாய் ஒரு கிண்ணம் கேட்டேன், ஒன்று, அதைத் தராமல் இப்போது எல்லாக் கிண்ணத்தையும் என் முதுகில் கொண்டுவந்து இறக்குகிறீர்களே என்று கேட்க வேண்டும்போல இருந்தது. வாயைத் திறந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, கொஞ்சம் தள்ளி நில்லு, கால்ல இறக்கிரப் போறாவ என்றாள். தள்ளி நின்றாள்.

தனித்தனி வீட்டில் விரற்கடை விரற்கடையாக வளர்ந்தது, ஒன்றாய்ச் சேர்ந்ததும் சாண் கணக்கில் வளர்ந்தது. ஒன்றோடு ஒன்று ஒட்டிற்று. ஒரு பக்கம் பின்தெருவைத் தொட்டது, ஒரு பக்கம் சாய்ப்பு ஓலையை நெட்டித் தள்ளிற்று, ஓலை முறிந்து அதற்குள்ளேயே புதைந்து போயிற்று. புளோராவின் அடுப்படிக் கதவுவரைக்கும் வந்து முட்டியதும் புளோரா உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டு, ஆட்டுக்கல்லை வைத்து அணைகொடுத்தாள்.

"அக்கா, கதவத் தொறங்க, பிள்ளைக்குத் தண்ணி வேணும்" என்று கித்தேரி தட்டினாள்.

"தொறந்தா உள்ள வந்துருமேளா. நான் என்ன செய்ய? ஒன் கேக்கு, நீயே பேசிக்கோ" என்றாள் புளோரா.

மூன்று பக்கமும் கேக் எழும்பி, மேலே வளைந்து, ஒன்றையொன்று தொட்டு மூடிக்கொண்டது. நடுவில் ஒரு கட்டில் போடுகிற இடத்தில் தாயும் மகளும். ஷைனிக்குப் பயமில்லை, சுவரை நக்கிப் பார்த்தது. கித்தேரிக்குத்தான் அத்தனை வருசக் கோபமும் ஒரேயடியாகப் பொங்கிக்கொண்டு வந்தது. லியோன்மேல் கோபம், இஞ்ஞாசிமேல் கோபம், ஒட்டிக்கொள்கிற தன் நாக்கின்மேல் கோபம், எல்லாவற்றையும்விட, இத்தனை பேருக்கும் பதமாக மாவு அடித்துக் கொடுத்த தன் கையின்மேல் கோபம். அரிவாளை எடுத்தாள். பின்தெரு இருக்கிற திசையைக் குத்துமதிப்பாகப் பார்த்துக்கொண்டு வெட்டினாள். அன்னாசி சிதற, பேரீச்சை தெறிக்க, தலையெல்லாம் துகளாக வெட்டினாள். வெட்டி வெட்டி, கடைசி வெட்டில் தெரு வெளிச்சம் உள்ளே விழுந்தது. ஷைனியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்து தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்தாள்.

விடிந்தால் மூடிவிடும் என்று நினைத்தாள். மூடவில்லை. அவள் சீவினது எத்தனை வீட்டில் மூடியது, இங்கே மூடவில்லை. அதற்கு மேல் கேக் வளரவும் இல்லை.

உப்புக்காற்று பட்டு வெளிப்பக்கம் ரஸ்க் மாதிரி இறுகிற்று. உள்பக்கம் மெத்தென்று, அடுப்பை அணைத்து ரொம்ப நேரம் ஆகாத அண்டா மாதிரி எப்போதும் ஒரு கதகதப்பு. ஒரு மழை பெய்தது, மேலே பாகு ஊறிப் பளபளத்ததே தவிர ஒழுகவில்லை. புளோரா தாழ்ப்பாளைத் திறக்காமல் இருந்தாள், அவளுக்கும் நிம்மதி, கித்தேரிக்கும் நிம்மதி. உடைந்த படகுப் பலகை ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து, கயிறு கட்டி, வெட்டின இடத்துக்குக் கதவு மாட்டினாள், அடியில் வெட்டாமல் விட்ட கேக் வாசற்படியாக நின்றது. தபால்காரர் யாரோ பேருக்கு வந்த மணியார்டரை விசாரிக்க அந்தக் கதவைத் தட்டினார். மின்வாரியத்து ஆள் வந்து சுவரில் ஆணி இறங்குமா என்று தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பின்தெருக்காரர்கள் அடையாளம் சொல்லும்போது கேக் வீட்டிலிருந்து நாலாவது வீடு என்று சொல்லப் பழகினார்கள். தவக்காலத்தில் அந்தப் பக்கம் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள், சிலர் பொத்தாமல் மெல்ல நடந்து போனார்கள்.

சுவருக்குள்ளே இருந்ததெல்லாம் கிண்ணங்கள். இங்கே ஒரு விளிம்பு, அங்கே ஒரு விளிம்பு, கேக்கில் பதிந்த முந்திரி மாதிரி. படுத்துக்கொண்டு கித்தேரி எழுத்துக்கூட்டி வாசிப்பாள், இது இஞ்ஞாசி, இது அவர் மருமகன், இது தொம்மை. ஊர்த் தலைக்கட்டெல்லாம் அவள் கால்மாட்டிலும் தலைமாட்டிலும் பேசாமல் கிடந்தது.

ஈஸ்டர் நெருங்கின பிறகுதான் ஊருக்குக் கிண்ண நினைவு வந்தது. ஒரு வீட்டில் பெண் பார்க்க வந்தவர்கள், தலைக்கட்டுக் கிண்ணத்தைக் காட்டுங்கள் என்று வழக்கப்படி கேட்டார்கள், காட்ட இல்லை, வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். புதுசு வெட்டிக்கொள்ளலாமே என்று ஒருவர் சொன்னார். புதுக் கிண்ணம் என்றால் புதுத் தலைக்கட்டு, புதுத் தலைக்கட்டு சப்பரத்துக்கு முன்னால் கடைசி ஆளாகத்தான் நடக்க வேண்டும். ஊரில் எல்லாருமே கடைசி ஆள் என்றால் முதலில் நடப்பது யார்? கமிட்டியில் அதைப் பற்றிக் கைகலப்பு வரைக்கும் போயிற்று. கடப்பாரையோடு நாலு பேர் வந்து சுவரை உடைத்துப் பார்த்தார்கள். ஒரு கிண்ணத்தின் விளிம்பு தெரிகிற வரைக்கும் தோண்டினார்கள், விடிவதற்குள் அது தன்னால் நிரம்பி, அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் தடித்துக்கொண்டது. அவர்கள் தோண்டுகிற மட்டும் கித்தேரி உள்ளே உட்கார்ந்து ஷைனிக்குப் பேன் பார்த்தாள்.

அவள் வெட்டினால்தான் நிற்கும் என்று ஊர் கண்டுபிடித்தது. லியோன் பொண்டாட்டி, எங்க கிண்ணத்த எடுத்துக் குடு என்று கதவுக்கு வெளியே நின்று ஆளாளுக்குக் கேட்டார்கள். தொம்மை வந்து உரிமையோடு கேட்டான். புளோரா வந்து, ஏளா நான் அன்னைக்கு என்ன சொன்னேன்னு மனசுல வச்சுக்கிடாத என்றாள். கித்தேரி மாட்டேன் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. அது இஞ்ஞாசியிடம் கற்றது.

கடைசியில் கமிட்டி கூடிற்று. ரொம்ப நேரம் பேசி, அவளைத் தலைக்கட்டாகச் சேர்த்துவிடுவது, அவள் கிண்ணங்களைத் தோண்டிக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தார்கள். தீர்மானத்தோடு, புதுக் கிண்ணம் ஒன்றை வாங்கி, பாத்திரக் கடையிலேயே பேரும் வெட்டி, குருத்தோலை ஞாயிறு அன்றைக்குப் பூசை முடிந்த கையோடு இஞ்ஞாசியே கொண்டுவந்தார். பின்னால் பாதி ஊர், கையில் ஓலையோடு.

கதவு திறந்தது. கித்தேரி வாசலில் நின்றாள். நாக்கு வழக்கம்போல மேலே போய் ஒட்டிக்கொண்டது.

"வாசல் இருக்கு. படியும் இருக்கு. இனி எனக்கு ஒரு மறுப்பும் இல்ல" என்றார் இஞ்ஞாசி, பெரிய மனசோடு. "இந்தா பிடி. ஒன் வீட்டுக் கிண்ணம்."

அவள் வாங்கினாள். புதுக் கிண்ணம், உள்ளே முகம் தெரிந்தது. கைக்கு அடக்கமாக, சில்லென்று இருந்தது. எத்தனை வருசமாய்க் கேட்ட கிண்ணம். ஷைனி எக்கி எக்கிப் பார்த்தது. கித்தேரி விளிம்பைத் திருப்பி, புள்ளி புள்ளியாய் வெட்டியிருந்த பேரை எழுத்துக்கூட்டி வாசித்தாள். வாசித்து முடித்ததும் இன்னொரு தடவை வாசித்தாள்.

லியோன்.

பின்னால் நின்றவர்கள் குருத்தோலையை மாற்றிப் பிடித்துக்கொண்டார்கள். இஞ்ஞாசி, இனி அரிவாளை எடுக்க வேண்டியதுதானே என்கிற முகத்தோடு நின்றார். ஒட்டியிருந்த நாக்கைப் பிய்த்துக்கொண்டு அவளுக்கு வார்த்தை வந்தது.

"இந்தப் பேருல இங்க யாரும் இல்ல மாமா" என்றாள். கிண்ணத்தைத் திரும்ப அவர் கையில் வைத்தாள். "கொச்சில போய்க் கேளுங்க."

ஊர் அத்தனை வருசம் வாயால் சொல்லாமல் வைத்திருந்ததை அவள் நடுத்தெருவில் சொல்லிவிட்டாள். யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். தொம்மை தரையைப் பார்த்தான். கித்தேரி உள்ளே போய்ப் படகுப் பலகையை இழுத்துச் சாத்திவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். போய்விட்டார்கள், எல்லாம் போயிற்று, இனி அடுத்த வருசமும் அதற்கடுத்த வருசமும் இதே கதைதான், கையில் வந்ததைத் தூக்கிக் கொடுத்துவிட்டேனே என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். காலடிச் சத்தம் விலகுகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டாள். விலகவில்லை. குசுகுசுப்பு கேட்டது. அப்புறம் கதவில் விரலால் ஒரு தட்டு.

"அப்பம் எந்தப் பேர வெட்டச் சொல்லுத?" என்று இஞ்ஞாசி கேட்டார். கேட்டுவிட்டுக் கொஞ்சம் தயங்கி, "ஒம் பேரு என்னளா?" என்றார்.

அவள் சொன்னாள். கதவுக்குள்ளேயே நின்று சொன்னதால் அவருக்குக் கேட்கவில்லை. காத்துல கேக்கல, ஒரக்கச் சொல்லு என்றார். மறுபடி சொன்னாள். பின்னால் நின்றவர்கள் என்ன சொல்லுதா, என்ன சொல்லுதா என்று ஒருத்தரையொருத்தர் கேட்டார்கள், ஒருத்தருக்கும் தெரியவில்லை. கித்தேரிக்கு வந்த ஆத்திரத்தில் பலகையைத் தள்ளித் திறந்து, படியில் இறங்கி நின்று, மூன்றாவது தடவையாகத் தன் பேரைச் சொன்னாள். அது பின்தெருவைத் தாண்டி, கோயிலைத் தாண்டி, கரையில் வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் யாரோ நம்மைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிற வரைக்கும் கேட்டது.